பராலிம்பிக் ஒளிபரப்பு: வர்ணனையாளர் அறையில் யார் இருக்கிறார்கள்?

சனல் 4 என்ற பெயரைக் கேட்டதும் புலம்பெயர்ந்த எமது வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது, 2011 ஜூன் மாதம் அந்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்ற ஆவணப்படம்தான். அதைத் தொகுத்து வழங்கியவர் ஜோன் ஸ்னோ. அடுத்த ஆண்டு, 2012 ஓகஸ்ட் 29 ஆம் திகதி இரவு, அதே ஜோன் ஸ்னோ அதே சனலில் லண்டன் பராலிம்பிக் திறப்பு விழாவை வழங்கிக்கொண்டிருந்தார். அந்த விழாவை உச்ச நேரத்தில் 1 கோடியே 12 லட்சம் பேர் பார்த்தனர். அச்சனலுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிடைத்திராத பார்வையாளர் தொகை அது.

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டைத் தொலைக்காட்சி எப்படிக் காட்ட வேண்டும், அதைப் பற்றி யார் பேச வேண்டும், எந்தச் சொற்களில் பேச வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் கோடைகாலம் புதிய பதில்களைத் தேடத் தொடங்கியது. அந்தத் தேடலின் வரலாற்றையும், ஒளிபரப்பு நடைபெறும் முறையையும், வர்ணனைக் குழுக்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். ஷெல்லிலோ மிதிவெடியிலோ கையையும் காலையும் இழந்தவர்கள் எமது உறவுகளிலேயே இருக்கிறார்கள். பிறவியிலேயே மாற்றுத்திறனோடு பிறந்த பிள்ளைகளும் எமது வீடுகளில் வளர்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதோடு இந்த விடயம் நேரடியாகத் தொடர்புபட்டது.

தொடக்கம் ஓர் அகதியின் கையில்

பராலிம்பிக்கின் வேர் ஓர் அகதியின் வாழ்க்கையில் இருக்கிறது என்பது எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. லுட்விக் குட்மன் ஜேர்மனியில் வாழ்ந்த யூத மருத்துவர். நாசி ஆட்சியிலிருந்து தப்பி, 1939 இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1944 இல் ஸ்ரோக் மாண்டவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான பிரிவு திறக்கப்பட்டபோது, அதன் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முள்ளந்தண்டு முறிந்த போர்வீரர்கள் அதிக காலம் உயிர்வாழ மாட்டார்கள் என்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலம் அது. குட்மன் அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சக்கர நாற்காலியில் இருத்தி, பந்தையும் வில்லையும் கையில் கொடுத்தார்.

1948 ஜூலை 29 ஆம் திகதி லண்டனில் ஒலிம்பிக் திறக்கப்பட்டது. அதே நாளில் ஸ்ரோக் மாண்டவிலில் 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டி ஒன்றை குட்மன் நடத்தினார். 1952 இல் நெதர்லாந்தின் முன்னாள் போர்வீரர்கள் வந்து சேர்ந்ததோடு அது சர்வதேசப் போட்டியானது. 1960 இல் ரோமில், 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் பங்குபற்றிய போட்டிகளே இன்று முதலாவது பராலிம்பிக்காகக் கணிக்கப்படுகின்றன. சர்வதேச பராலிம்பிக் குழு 1989 இல் உருவானது. அதன் தலைமையகம் ஜேர்மனியின் பொன் நகரில் இருக்கிறது. எந்த நாடு குட்மனைத் துரத்தியதோ அந்த நாட்டிலேயே அவர் விதைத்தது இப்போது நிழல் தருகிறது.

போட்டிகள் வளர்ந்த வேகத்தில் தொலைக்காட்சி வளரவில்லை. பல நாடுகளில் நீண்டகாலம் பராலிம்பிக் என்றால் இரவு நேரத்துத் தொகுப்பு நிகழ்ச்சியாகவோ, செய்தியின் இறுதியில் வரும் நெகிழ்ச்சியான ஒரு துணுக்காகவோதான் இருந்தது. பிரித்தானியாவில் 2012 வரை இந்த உரிமையைப் பிபிசி வைத்திருந்தது.

படம் எங்கிருந்து வருகிறது?

பராலிம்பிக்கைப் பார்க்கும்போது, சனல் 4 உம் பிரான்ஸ் தொலைக்காட்சியும் கனடாவின் சிபிசியும் தத்தம் கமராக்களால் ஒவ்வொரு மைதானத்தையும் படம் பிடிப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மைதானங்களின் அடிப்படைப் படமும் இயற்கை ஒலியும் ஒரே நிறுவனத்திடமிருந்து வருகின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2001 இல் நிறுவிய ஒலிம்பிக் ஒளிபரப்புச் சேவை என்ற அமைப்பே பராலிம்பிக்கையும் படமாக்கி உலகம் முழுவதற்கும் அனுப்புகிறது. உரிமை வாங்கிய ஒவ்வொரு நாட்டுச் சனலும் அந்தப் படத்தை எடுத்து, தன் அரங்கத்தையும், தொகுப்பாளரையும், வர்ணனையையும், தன் நாட்டு வீரர்களோடான நேர்காணல்களையும் அதன்மேல் சேர்த்துக்கொள்கிறது. சொந்தக் குழு இல்லாத சனல்களுக்காக ஆங்கில வர்ணனையும் வழங்கப்படுகிறது.

ஆகவே ஒரே ஓட்டத்தை லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் பார்க்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களின் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரே படம்தான். காதுக்குக் கேட்பது வேறு வேறு. நல்லூர்த் தேரை இலங்கை வானொலியின் நேர்முக வர்ணனையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, வர்ணனையாளரின் குரல் என்ன செய்யும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கே கண் காணாததைக் குரல் காட்டியது. பராலிம்பிக்கில், கண் கண்டும் விளங்காததைக் குரல் விளக்க வேண்டியிருக்கிறது.

எல்லா விளையாட்டுகளுக்கும் நேரடிப் படம் கிடைக்கவே நெடுங்காலம் எடுத்தது. பராலிம்பிக்கின் 22 விளையாட்டுகளும் முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பானது 2024 பாரிஸ் போட்டிகளில்தான்.

லண்டன் 2012: ஒரு சனல் எடுத்த முடிவு

2010 ஜனவரியில் லண்டன் பராலிம்பிக் உரிமை சனல் 4 இற்குக் கிடைத்தது. விளம்பர வருமானத்தில் இயங்கும் பொதுத்துறைச் சனல் அது. மற்றவர்கள் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற கடப்பாடு அதன் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 150 மணித்தியாலங்களுக்கும் மேலான ஒளிபரப்பைத் தருவதாக அது வாக்களித்தது. அதைவிட முக்கியமான இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. திரையில் தோன்றும் குழுவில் ஏறத்தாழ பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருப்பார்கள் என்பதே அது.

அப்படிப்பட்ட தொகுப்பாளர்கள் தயாராக எங்கும் இருக்கவில்லை. ஏனென்றால் அதுவரை அவர்களுக்கு எவரும் வேலை கொடுத்ததில்லை. ஆகவே 5 லட்சம் பவுண் ஒதுக்கி நாடு முழுவதும் தேடி, தெரிந்தெடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அனுபவம் மிக்க கிளெயர் போல்டிங்கைப் பிபிசியிடமிருந்து இரவலாகப் பெற்றார்கள். அவரோடு புதிய முகங்களும் அணிவகுத்தன. வாகன விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர் ஆர்தர் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். பிறவியிலேயே கைகளிலும் காலிலும் குறைபாடு கொண்டிருந்த பத்திரிகையாளர் அலெக்ஸ் புரூக்கர் இன்னொருவர்.

இவர்களில் எமது வாசகர்களுக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடியவர் அடே அடேபிற்றன். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு, மூன்று வயதில் பெற்றோரோடு கிழக்கு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தில் 2004 ஏதென்ஸ் போட்டிகளில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர். குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, கறுப்பினத்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ற மூன்று அடையாளங்களோடும் அவர் பிரித்தானியாவின் முதன்மையான விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றின் முகமானார்.

ஒவ்வொரு நாளும் போட்டிகள் முடிந்த பின்னர், அவுஸ்திரேலிய நகைச்சுவையாளர் அடம் ஹில்ஸ், ஜோஷ் விடிகொம், புரூக்கர் ஆகிய மூவரும் நடத்திய இரவு நேர நிகழ்ச்சி ஒன்று வந்தது. ஹில்ஸும் புரூக்கரும் செயற்கைக் கால் அணிபவர்கள். பார்வையாளர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் பேசினார்கள். போட்டிகள் முடிந்தும் அந்த நிகழ்ச்சி நிற்கவில்லை. 'த லாஸ்ட் லெக்' என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது.

மொத்தத்தில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் அந்த ஒளிபரப்பின் ஏதோ ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். குறைகளும் சொல்லப்பட்டன. திறப்பு விழாவின் நடுவே விளம்பரங்கள் குறுக்கிட்டதற்குப் பார்வையாளர்கள் கண்டனம் தெரிவித்தனர்.

வகுப்பு என்ற சிக்கல்

பராலிம்பிக் வர்ணனையின் மிகப் பெரிய சுமை வகுப்புப் பிரிப்பு. வெவ்வேறு விதமான உடற்குறைபாடு உள்ளவர்களை நியாயமாகப் போட்டியிட வைப்பதற்காக வீரர்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். தடகளத்தில் ஓட்டம், பாய்தல் ஆகியவற்றுக்கு 'ரி' என்ற எழுத்தும், எறிதல் போட்டிகளுக்கு 'எவ்' என்ற எழுத்தும் வரும். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 அறிவுசார் குறைபாடு. 30 களில் மூளை வாதம் போன்ற இயக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடுகள். 40, 41 குள்ளமான உடலமைப்பு. 45 முதல் 47 வரை கைகளில் குறைபாடு. 50 களில் சக்கர நாற்காலியிலோ இருக்கையிலோ இருந்து போட்டியிடுபவர்கள். 60 களில் செயற்கைக் கால் அணிந்து போட்டியிடுபவர்கள். பொதுவாக ஒரு பிரிவுக்குள் எண் குறையக் குறையக் குறைபாட்டின் தாக்கம் கூடும்.

இதை அறியாத பார்வையாளருக்கு, ஒரே நாளில் பத்து விதமான 100 மீற்றர் ஓட்டங்கள் ஏன் நடக்கின்றன என்பது குழப்பமாகவே இருக்கும். ஒரே நீச்சல் தடாகத்தில் இரு கைகளும் உள்ளவரும் ஒரு கை இல்லாதவரும் பக்கம் பக்கமாக நீந்துவது அநியாயமாகத் தோன்றும். இதைத் தீர்க்க வந்ததுதான் 'லெக்ஸி' என்ற வரைபட முறை. நீச்சலில் மூன்று தடவை பராலிம்பிக் தங்கம் வென்ற ஜைல்ஸ் லோங் அதை உருவாக்கினார். திரையில் ஒரு மனித உருவம் தோன்றும். குறைபாட்டின் தாக்கம் உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு என்பதை நிறங்கள் காட்டும். சில செக்கன்களில் பார்வையாளருக்கு விளங்கிவிடும். அதன் பிறகு வர்ணனையாளர் ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

இந்த முறையை ஒரு முன்னாள் வீரர் கண்டுபிடித்தது தற்செயலானதல்ல. மக்களுக்கு எது விளங்கவில்லை என்பதை, வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவரே நன்றாக அறிவார். வர்ணனையாளர் அறையில் அனுபவசாலி ஒருவர் இருப்பதன் பயன் இதுதான்.

சத்தமும் மௌனமும்

சில விளையாட்டுகளில் வழமையான வர்ணனைப் பழக்கம் உதவாது. பார்வையற்றோர் உதைபந்தாட்டத்தில் பந்துக்குள் ஒலி எழுப்பும் மணிகள் இருக்கும். வீரர்கள் அந்த ஒலியைக் கேட்டே ஆடுகிறார்கள். பந்தை நோக்கிச் செல்பவர் 'வோய்' என்று குரல் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி சத்தமிட்டுத் திசை சொல்லுவார். கோல் விழும்வரை அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் ஈபிள் கோபுரத்தின் அருகே அமைக்கப்பட்ட அரங்கில், இறுதிப் போட்டியில் பிரான்ஸ் ஆர்ஜென்டினாவைப் பெனால்டி உதைகளில் வென்று தங்கம் பெற்றது. சொந்த அணி ஆடும்போது ஓர் அரங்கமே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நிலை அது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் இடைவிடாது பேசும் வர்ணனையாளர், பார்வையாளர் கேட்க வேண்டிய மணியோசையையும் வழிகாட்டியின் குரலையும் மறைத்துவிடுவார். எப்போது நிறுத்துவது என்று தெரிவதும் இங்கே திறமையின் ஒரு பகுதி.

பொச்சா என்ற விளையாட்டு இன்னொரு விதம். வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு அருகில் தன் நிறப் பந்துகளைச் சேர்ப்பது என்பதே போட்டி. கைகளால் எறிய இயலாதவர்கள் சாய்தளம் ஒன்றின் வழியே பந்தை உருட்டுவார்கள். அந்தச் சாய்தளத்தை நகர்த்தும் உதவியாளர் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடியே இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை. முடிவு எல்லாம் வீரருடையதே. இந்த ஒரு விதியை வர்ணனையாளர் சொல்லாமல் விட்டால், பார்ப்பவர் "யாரோ உதவி செய்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்வார். சொல்லிவிட்டால், சதுரங்கம் போல ஒரு மூளைப் போரைப் பார்க்கத் தொடங்குவார்.

நேரலையில் வந்த சோதனைகள்

2012 செப்டெம்பர் 2 ஆம் திகதி, 200 மீற்றர் ஓட்டத்தில் தென்னாபிரிக்காவின் ஒஸ்கார் பிஸ்ரோறியஸைப் பிரேசிலின் அலன் ஒலிவெய்ரா கடைசி மீற்றர்களில் முந்தினார். ஓட்டம் முடிந்த கையோடு, சனல் 4 இன் நேரடி நேர்காணலில், ஒலிவெய்ராவின் செயற்கைக் கால்கள் மிக நீளமானவை, இது நியாயமான போட்டி அல்ல என்று பிஸ்ரோறியஸ் குற்றம் சாட்டினார். மறுநாள், அதைச் சொன்ன நேரம் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். செயற்கைக் காலின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, ஒலிவெய்ராவின் கால்கள் அந்த விதிக்குள்ளேயே இருந்தன என்பதை ஒளிபரப்புக் குழு மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. 'எல்லோரும் வெற்றியாளர்களே' என்று இனிப்பாகப் பேசும் வழக்கம் அந்த இரவில் உடைந்தது. கடும் போட்டியும் கோபமும் தொழில்நுட்பத் தகராறும் உள்ள உண்மையான விளையாட்டு இது என்பதை மக்கள் கண்டனர். நான்கு நாட்கள் கழித்து, 100 மீற்றரில் பிரித்தானியாவின் ஜொனி பீக்கொக் 10.90 செக்கன்களில் தங்கம் வென்றார். அந்த ஓட்டத்தைப் பல லட்சம் பேர் பார்த்தனர்.

இன்னொரு சோதனை 2016 ரியோவில். பார்வைக் குறைபாடுடையோருக்கான ரி 13 வகுப்பு 1500 மீற்றரில் அல்ஜீரியாவின் அப்தெல்லதிப் பாகா 3 நிமிடம் 48.29 செக்கன்களில் முதலாவதாக வந்தார். முதல் நான்கு பேருமே, சில வாரங்களுக்கு முன் அதே நகரில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தின் வெற்றி நேரமான 3 நிமிடம் 50.00 செக்கன்களைவிட வேகமாக ஓடியிருந்தனர். ஒலிம்பிக் வீரர்களையே வென்றுவிட்டார்கள் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அந்த ஒலிம்பிக் ஓட்டம் 1932 இற்குப் பின்னர் மிக மெதுவான இறுதி ஓட்டம். ஒருவரையொருவர் கவனித்தபடி தந்திரமாக ஓடி, கடைசிச் சுற்றில் மட்டும் வேகம் எடுத்த ஓட்டம் அது. நல்ல வர்ணனையாளர் இரண்டையும் சேர்த்தே சொல்லுவார். பாகாவின் வெற்றிக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

'அதிமனிதர்' என்ற சொல்

2012 ஜூலையில் சனல் 4 ஒரு விளம்பரப் படத்தைப் பல சனல்களில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பியது. 'அதிமனிதர்களைச் சந்தியுங்கள்' என்பது அதன் கருத்து. பயிற்சியின் நடுவே திடீரென ஒரு குண்டுவெடிப்பும், கர்ப்பிணித் தாயின் ஸ்கான் அறையும், ஒரு வாகன விபத்தும் சில கணங்கள் வந்து மறையும். மாற்றுத்திறன் எப்படியெல்லாம் ஒரு வாழ்க்கைக்குள் வருகிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அது காட்டியது. 2016 இல் வந்த அடுத்த படத்தில் வீரர்களோடு இசைக்கலைஞர்களும் சாதாரண மனிதர்களுமாக 140 பேரளவில் தோன்றினர்.

அந்தப் படங்கள் பாராட்டையும் விருதுகளையும் பெற்றன. அதேவேளை மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. பதக்கம் வெல்லாத, ஓடாத, நீந்தாத மாற்றுத்திறனாளியின் நிலை என்ன? வாழ்வாதாரக் கொடுப்பனவுக்காகவும், சாய்தளம் உள்ள பேருந்துக்காகவும் போராடும் ஒருவரைப் பார்த்து, 'அவர்களால் முடிகிறது, உன்னால் ஏன் முடியாது' என்று சமூகம் கேட்டுவிடாதா? பரிதாபம் மனிதரைக் கீழே தள்ளுகிறது என்றால், அதீத வியப்பும் அவரை எட்டாத இடத்தில் வைத்துச் சாதாரண மனிதராக இருக்கும் உரிமையைப் பறிக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

சனல் 4 அதைக் காதில் வாங்கிக்கொண்டது. டோக்கியோ போட்டிகளுக்கான படத்தில் 'அதி', 'மனிதர்' என்ற இரண்டு சொற்களையும் முற்றுப்புள்ளி போட்டுப் பிரித்து, மனிதர் என்பதற்கு அழுத்தம் கொடுத்தது. 2024 பாரிஸுக்கான படம் இன்னும் நேரடியானது. 'இந்த நிலையிலும் இவ்வளவு செய்கிறார்களே' என்று பார்வையாளர்கள் வியப்பதையே அது கேலி செய்தது. புவியீர்ப்பு, உராய்வு, நேரம் ஆகியவற்றை எதிராளிகளாகக் காட்டி, அவை எவருடைய குறைபாட்டுக்கும் சலுகை தருவதில்லை என்று சொன்னது.

லண்டனிலிருந்து பாரிஸ் வரை

குழுவின் அமைப்பும் படிப்படியாக மாறியது. 2012 இல் பாதியாக இருந்த மாற்றுத்திறனாளிகளின் பங்கு ரியோவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டாகவும், டோக்கியோவில் 70 வீதத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. 2022 பீஜிங் குளிர்காலப் பராலிம்பிக்கில் சனல் 4 இன் தொகுப்பாளர்கள் அனைவருமே மாற்றுத்திறனாளிகள். பாரிஸில், செவிப்புலனற்ற நடிகை ரோஸ் ஐலிங் எலிஸ் நேரடி விளையாட்டு ஒளிபரப்பைத் தொகுத்து வழங்கி வரலாறு படைத்தார். ஒருவர் பேசுவதை நேரடியாகக் கேட்க முடியாத ஒருவரால் நேரலையை நடத்த முடியாது என்ற எண்ணம் அதோடு தகர்ந்தது.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவின் என்பிசி 2012 இல் லண்டன் பராலிம்பிக்கிலிருந்து மொத்தமாக ஐந்தரை மணித்தியாலத் தொகுப்பையே தந்தது. நேரடி ஒளிபரப்பு எதுவும் இல்லை. அப்போதைய சர்வதேச பராலிம்பிக் குழுத் தலைவர் பிலிப் கிறேவன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். டோக்கியோ போட்டிகளில்தான் என்பிசியின் முதன்மைச் சனலில், அதிகம் பேர் பார்க்கும் மாலை நேரத்தில், பராலிம்பிக் முதன்முறையாக இடம்பிடித்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 2016 ஒரு திருப்புமுனை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ரியோவில் ரி 42 உயரம் பாய்தலில் 1.89 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பாடசாலைக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர் அவர். அவரது தாயார் காய்கறி விற்றது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் எந்த நுட்பத்தில் பாய்கிறார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. டோக்கியோவில் மழையில் நடந்த இறுதிப் போட்டியில், பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டதால் பாய்வது கடினமாக இருந்ததாக அவரே சொன்னார். 1.86 மீற்றரோடு வெள்ளி கிடைத்தது. ஒரு விளையாட்டு வர்ணனைக்குத் தேவையானது இந்தக் காலுறை விடயம் போன்ற தகவல்தான். பாரிஸில் அவர் வெண்கலம் வென்றபோது, பட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் வென்று தமிழ்நாட்டின் பெயரைக் கூட்டினர்.

இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கம் 2021 ஓகஸ்ட் 30 ஆம் திகதி டோக்கியோவில் கிடைத்தது. எவ் 46 ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் எறிந்து, உலக சாதனையோடு அதை வென்றவர் போரில் காயமடைந்த இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத். அவரது எறிதல் ஓர் உன்னதமான விளையாட்டுச் சாதனை. அதை மறுக்க வேண்டியதில்லை. காயமடைந்த படைவீரருக்குப் பயிற்சியாளரும் மைதானமும் ஊதியமும் இருக்கின்றன. அதே போரில் அங்கங்களை இழந்த வன்னி மக்களுக்கு அவை எளிதில் கிடைப்பதில்லை. பராலிம்பிக்கே காயமடைந்தவர்களுக்காகப் பிறந்தது. எந்தக் காயம் மைதானத்துக்கு வருகிறது, எந்தக் காயம் வீட்டு மூலையிலேயே இருந்துவிடுகிறது என்ற கேள்வியைத் திரைக்கு வெளியே நாம்தான் கேட்க வேண்டும்.

எமது சொற்கள்

அங்கவீனர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுவலுவுள்ளோர், மாற்றுத்திறனாளிகள் என்று எமது மொழியில் சொற்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. சொற்கள் மாறியும், ஒரு சக்கர நாற்காலியைக் கண்டதும் எமது வீடுகளில் முதலில் எழும் சொல் 'பாவம்' என்பதாகவே இருக்கிறது. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ஒரு தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. விருந்தினர் வரும்போது அப்பிள்ளையை உள்ளறையில் இருத்தும் பழக்கமும், கலியாண வீட்டுக்குக் கூட்டிச்செல்லாமல் விடும் பழக்கமும் அந்தச் சொல்லின் தொடர்ச்சிதான். எமது தமிழ்ப் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டு விழாக்களில் இவர்களுக்கு ஒரு போட்டியாவது உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த கோடைகாலப் பராலிம்பிக் 2028 ஓகஸ்ட் 15 முதல் 27 வரை லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற இருக்கிறது. வசிக்கும் நாட்டின் பொதுச் சனலிலோ அதன் இணையத்தளத்திலோ பெரும்பாலான குடும்பங்கள் அதைப் பார்க்க முடியும். பிள்ளைகளோடு இருந்து பார்க்கும்போது வகுப்பு எண்ணைக் கவனியுங்கள். அந்த விதியை அவர்களோடு சேர்ந்து விளங்கிக்கொள்ளுங்கள். ஈட்டி பறக்கும்போது 'பாவம்' என்ற சொல் வாயில் வந்தால் அதை விழுங்கிவிட்டு, எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். வர்ணனையாளர் உடனே பதில் சொல்லுவார்.